கேசட் கடையில் பிறந்த சினிமா: நைஜீரியாவின் நாலிவுட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நைஜீரிய சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் ஒரு கதை சொல்வார்கள். லாகோஸ் நகரில் கென்னத் நெபுவே என்றொரு எலக்ட்ரானிக்ஸ் வியாபாரி இருந்தார். வெளிநாட்டிலிருந்து வெற்று வீடியோ கேசட்டுகளை அளவுக்கு மீறி இறக்கிவிட்டார், சரக்கு தேங்கிப்போனது. வெறும் கேசட்டை வாங்க ஆளில்லை, அதில் ஒரு படம் இருந்தால் வாங்குவார்கள் என்று யோசித்தார். 1992இல் ஒரு படம் எடுத்து அந்தக் கேசட்டுகளில் பதிந்து விற்றார். கேசட்டும் தீர்ந்தது, ஒரு தொழிலும் பிறந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்பினால் நடந்தது என்னவென்று பிடிபடாது. நெபுவே அதற்கு முன்பே, 1989இல், யொரூபா மொழியில் ஒரு வீடியோ படத்தைத் தயாரித்து விற்றவர். அதற்கும் ஒரு வருடம் முன்னால் யொரூபா நாடகக்காரர்கள் வீட்டு வீடியோ கேமராவில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, 1992இல் நடந்ததைத் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்ட சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தச் சரக்கு எந்த ஊருக்கு யார் மூலமாகப் போகும் என்று விரல்நுனியில் வைத்திருந்த ஒருவர், கணக்குப் போட்டு இறங்கிய வேலை அது. நாலிவுட்டை வளர்த்தது விற்கிறவர்களின் கை. அந்தப் படங்களின் மொழி, கதை, நீளம், நட்சத்திரங்கள், பேய்கள், பாதிரியார்கள் என்று எதைத் தொட்டாலும் அந்தக் கையின் ரேகை தெரிகிறது. இந்த ஆய்வு அந்த ரேகையைப் பிடித்துக்கொண்டே போகிறது.

கேசட்டுக்கு முன்னால்

நைஜீரியாவின் தென்மேற்கில் யொரூபா மக்கள் வாழும் பகுதியில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழுக்கள் ஏராளம். 1940களில் ஹூபர்ட் ஒகுண்டே தொடங்கிவைத்த மரபு அது. பாட்டு, கூத்து, சாமி, சூனியம், நகைச்சுவை எல்லாம் கலந்த நாடகங்கள். 1970களின் பிற்பகுதியில் இந்தக் குழுக்கள் சினிமாவுக்கு வந்தன. தியேட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களையே ஓட்டியதால், நாடகக்காரர்கள் தங்கள் பிலிம் பெட்டியையும் புரொஜெக்டரையும் தாங்களே சுமந்துகொண்டு பள்ளிக்கூட அரங்கம், நகர மன்றம் என்று போய்ப் படம் காட்டினார்கள். பிலிம் பெட்டியை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர மாட்டார்கள். கண் அசந்தால் பிரதி எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 'பாபா சாலா' என்று நாடே கொண்டாடிய நகைச்சுவை நடிகர் மோசஸ் ஒலையா, 1982இல் 'ஒருன் மூரு' என்ற படத்தில் தன் பணத்தையெல்லாம் போட்டார். படத்தின் திருட்டு வீடியோ பிரதி சந்தைக்கு வந்துவிட்டது. கடன் அவர் தலையில் விழுந்தது. அதிலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மக்கள் தங்கள் மொழிப் படத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்க எவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பதை அந்தத் திருட்டுதான் முதன்முதலில் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது.

அப்புறம் நைஜீரிய நாணயமான நைரா விழுந்தது. 1985இல் ஒரு டாலருக்கு ஒரு நைராகூடக் கொடுக்க வேண்டியதில்லை. 1986இல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்குப் பிறகு நாணய மதிப்பு சரிந்துகொண்டே போய், 1992இல் டாலருக்குச் சுமார் 17 நைரா ஆனது. பிலிம் சுருள் வாங்குவது, அதைக் கழுவ வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லாம் டாலர் செலவு. பிலிமில் படம் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோனது. இன்னொரு பக்கம் லாகோஸில் வழிப்பறியும் கொள்ளையும் பெருகி, இருட்டிய பிறகு வெளியே போக மக்கள் அஞ்சினார்கள். தியேட்டர்கள் மூடப்பட்டன. சில கிடங்குகளாயின, சில தேவாலயங்களாயின.

ஆனால் வீடுகளுக்குள் டிவி இருந்தது. எண்ணெய்ப் பணம் புரண்ட 1970களிலும் அதைத் தொடர்ந்த வருடங்களிலும் வாங்கிய வீடியோ டெக்கும் பல வீடுகளில் இருந்தது. இபாதான் நகரில் 1959லேயே தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிவிட்ட நாடு அது. அரசுத் தொலைக்காட்சித் தொடர்களில் பழகிய நடிகர்கள், எழுத்தாளர்கள், கேமராக்காரர்கள் தயாராக இருந்தார்கள். பார்க்க ஆள் உண்டு, நடிக்க ஆள் உண்டு. நடுவில் இருந்த ஓட்டையை அடைக்க ஒரு வியாபாரி வேண்டியிருந்தது.

அண்டியும் மெரிட்டும்

நெபுவே தயாரித்த படத்தின் பெயர் 'லிவிங் இன் பாண்டேஜ்'. மொழி, தென்கிழக்கு நைஜீரிய மக்கள் பேசும் இக்போ. இயக்கியவர் கிறிஸ் ஓபி ராப்பு, பெயர்ப் பட்டியலில் விக் மோர்டி என்ற புனைபெயரில் இருப்பார். திரைக்கதையில் பங்கெடுத்து, நாயகனைக் கெடுக்கும் நண்பன் பாலோவாகவும் நடித்தவர் ஒக்கே ஒகுன்ஜியோஃபோர்.

கதை இதுதான். லாகோஸில் பிழைக்க வந்த அண்டி ஒகெக்கே எதைத் தொட்டாலும் நட்டம். கூடப் படித்தவர்கள் எல்லாம் மெர்சிடிஸ் காரில் போகிறார்கள். மனைவி மெரிட் மட்டும் பொறுமையாக, அன்பாக இருக்கிறாள். பழைய நண்பன் பாலோ அவனை ஒரு ரகசியக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறான். பணம் கொட்டும், ஆனால் நீ யாரை அதிகம் நேசிக்கிறாயோ அவரைப் பலி கொடுக்க வேண்டும் என்கிறது கூட்டம். அண்டி மனைவியைக் கொடுத்துவிடுகிறான். பணம் வருகிறது. கூடவே மெரிட்டின் ஆவியும் வருகிறது. கடைசியில் பைத்தியம் பிடித்துத் தெருவில் அலையும் அவனைக் கண்டெடுத்துத் தேவாலயத்துக்கு அழைத்துப்போகிறவள், ஒருகாலத்தில் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண். மெரிட்டுக்குப் பதிலாகப் பலி கொடுக்க அண்டி ஏமாற்றிக் கூட்டிப்போனவளும் அவளேதான்.

படத்தை இன்று பார்த்தால் ஒளிப்பதிவு தட்டையாக இருக்கும், சத்தம் சரியாக இருக்காது, காட்சிகள் நீளும். அதையெல்லாம் தாண்டி மெரிட் இறக்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. நேற்றுவரை நம்மோடு கஷ்டப்பட்டவன் திடீரென்று காரில் வந்து இறங்கினால் மனதுக்குள் என்ன கேள்வி எழுமோ, அந்தக் கேள்வியைப் படம் நேரடியாகக் கேட்கிறது: இவனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம்?

அந்தக் காலத்து நைஜீரியாவில் இது வெறும் சினிமாக் கேள்வியாக இருக்கவில்லை. நாணயம் செத்துக்கொண்டிருந்தது, சம்பளக்காரர்கள் நொடித்துப்போனார்கள். ராணுவ அதிகாரிகளுக்கு வேண்டியவர்களும், '419' என்று சட்டப் பிரிவின் எண்ணாலேயே அழைக்கப்படும் மோசடிக்காரர்களும் மாளிகை கட்டினார்கள். படம் வந்து நான்கு வருடம் கழித்து, 1996 செப்டம்பரில், இக்போ நகரமான ஓவெரியில் ஒரு சிறுவன் பலிச் சடங்குக்காகக் கொல்லப்பட்டதாகச் செய்தி பரவியது. ஊரே கொதித்தெழுந்து திடீர்ப் பணக்காரர்களின் வீடுகளையும் ஒரு ஹோட்டலையும் கொளுத்தியது. படத்தால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. படம் எந்தப் பயத்தைத் தொட்டதோ அதே பயம்தான் ஓவெரித் தெருவுக்கும் வந்தது. இரத்தப் பணம் என்ற அந்தப் பயம் படத்துக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. அதற்கு ஒரு முகம் கொடுத்தது படம். அந்தக் கூட்டத்துப் பெரியவர்களில் ஒருவராக நடித்த கனாயோ ஒ. கனாயோவை இன்றைய இளைஞர்களும் மீம்களில் 'பலி கொடுக்கிறவர்' என்றே வைத்திருக்கிறார்கள்.

மார்க்கெட்டர் என்ற மனிதர்

படம் விற்ற வேகத்தைப் பார்த்த மற்ற கேசட் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? லாகோஸ் தீவின் இடுமோட்டா, ஊருக்கு வெளியே பிரம்மாண்டமான எலக்ட்ரானிக்ஸ் சந்தை அலபா, நைஜர் ஆற்றங்கரையில் ஒனிச்சா, தெற்கே அபா. இந்த நான்கு சந்தைகளின் வியாபாரிகள்தான் அடுத்த இருபது வருடங்களுக்கு நாலிவுட்டின் எஜமானர்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'மார்க்கெட்டர்'. தமிழில் விநியோகஸ்தர் என்று மொழிபெயர்த்தால் போதாது. படத்துக்குப் பணம் போடுவது, கதையைத் தேர்ந்தெடுப்பது, யார் நடிப்பது என்று சொல்வது, உறை அச்சடிப்பது, கேசட் பதிவது, விற்பது எல்லாம் அவரே.

இவர்களில் பெரும்பாலோர் ஏன் இக்போ மக்கள்? 1967 முதல் 1970 வரை தனிநாடு கேட்டு நடந்த பியாஃப்ரா போரில் தோற்ற சமூகம் அது. போர் முடிந்ததும், வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒவ்வொருவருக்கும் 20 பவுண்டு மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அரசு வேலையில் இடமில்லை. வியாபாரமே கதி என்று இறங்கினார்கள். அவர்களிடம் 'இக்பா போய்' என்றொரு வழக்கம் உண்டு. பதின்வயதுப் பையன் ஒரு முதலாளியிடம் சேர்ந்து சில வருடங்கள் சம்பளமில்லாமல் தொழில் கற்பான். தங்குவதும் சாப்பிடுவதும் முதலாளி பொறுப்பு. காலம் முடிந்ததும் முதலாளி முதல் கொடுத்துத் தனிக் கடை வைத்துத் தர வேண்டும். இப்படியே ஒரு கடை பத்துக் கடையாகும், ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான். வாகன உதிரிபாகமும் துணியும் ரேடியோவும் போய்ச் சேர்ந்த அதே வலையில் கேசட்டும் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் இடுமோட்டாவில் கட்டும் பெட்டி இரவுப் பேருந்தில் ஏறி விடியும்போது ஒனிச்சாவில் இருக்கும். எந்த அரசுத் திரைப்படக் கழகத்தாலும் கட்ட முடியாத ஏற்பாடு இது.

இதில் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்த வலை முதலில் ஓடியது திருட்டுக் கேசட்டில்தான். அமெரிக்கப் படம், ஹாங்காங் சண்டைப் படம், இந்திப் படம் எல்லாம் பிரதி எடுத்து விற்ற அதே இயந்திரங்களும் அதே கடைகளும் நைஜீரியப் படத்துக்கும் வழிவிட்டன. நமக்குப் பழக்கமான 'திருட்டு விசிடி' தொழில், அங்கே ஒரு சினிமாவுக்கே சாலை போட்டுக் கொடுத்தது. அதே சாலையில் பிறகு அந்த சினிமாவையும் கொள்ளையடித்தது.

படம் எடுத்த விதத்தையும் இந்தச் சந்தைதான் தீர்மானித்தது. ஒரு படம் கடைக்கு வந்தால் திருட்டுப் பிரதி வருவதற்குள் ஏறக்குறைய இரண்டு வாரம்தான் அவகாசம். அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். ஆகவே செலவு குறைவாக இருக்க வேண்டும், அடுத்த படம் உடனே தயாராக இருக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு நாளில் படப்பிடிப்பு முடியும். செட் கிடையாது, யாரோ ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். மின்சாரம் போகும், ஜெனரேட்டரைப் போட்டால் அந்தச் சத்தம் வசனத்தில் விழும். பக்கத்துத் தேவாலயத்து ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருப்பார்கள். லாகோஸின் சுருலேரே பகுதியில் ஒரு சிறிய ஹோட்டல் வாசலில் வாய்ப்புக்காக நடிகர்கள் நாள்முழுக்க நிற்பார்கள்.

படம் நீளமாக இருந்தால் அதை இரண்டாக வெட்டி, பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று தனித்தனியாக விற்பார்கள். பிறகு நீளமாக இல்லாவிட்டாலும் வெட்டினார்கள். நாலிவுட் படங்களில் ஒரு பேச்சு பத்து நிமிடம் நீள்கிறதே, கார் கேட்டுக்குள் நுழைவதை முழுக்கக் காட்டுகிறார்களே என்று கிண்டல் செய்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டில் பார்ப்பவருக்கு அந்த நீளம் இடைஞ்சலாக இருக்கவில்லை. சமைத்துக்கொண்டே, குழந்தையைத் தூக்கிக்கொண்டே, கதாபாத்திரத்தைத் திட்டிக்கொண்டே பார்க்கிற படம் அது. மாமியார் கொடுமை, குழந்தையின்மை, இரண்டாம் மனைவி, சொத்துக்காக விதவையை வெளியேற்றும் உறவினர்கள் என்று கதைகள் வீட்டுக்குள்ளேயே சுற்றியதற்கும் அதுதான் காரணம். கேசட் வாங்க அனுப்பியது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

உறையில் நடிகரின் முகம் பெரிதாக இருந்தால் கேசட் நகரும் என்று கண்டுகொண்டதும் நட்சத்திரங்கள் பிறந்தார்கள். ஜெனிவீவ் நாஜி, ஒமோட்டோலா ஜலாடே, ராம்சே நோவா போன்றவர்கள். மாமியார் என்றால் பேஷன்ஸ் ஒசோக்வோர். நட்சத்திரங்களின் சம்பளம் ஏறியபோது, 2000களின் நடுவில், மார்க்கெட்டர்கள் கூடிப் பேசி முன்னணி நடிகர்கள் சிலரை ஒட்டுமொத்தமாக ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கடைகளுக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது.

மொழி போன இடம்

1994இல் அதே நெபுவே 'கிளாமர் கேர்ள்ஸ்' என்ற படத்தை ஆங்கிலத்தில் தயாரித்தார். இக்போவில் எடுத்தால் இக்போ வீடுகளில் மட்டும்தான் விற்கும், ஆங்கிலத்தில் எடுத்தால் நாடு முழுக்க விற்கும். நைஜீரியாவில் 500க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. வியாபாரக் கணக்கு சரியான கணக்குதான்.

அதன் விலை என்ன என்று பிற்பாடுதான் தெரிந்தது. யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் 2006ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில் இந்தியா 1,091 படம், நைஜீரியா 872 படம், அமெரிக்கா 485. எண்ணிக்கையில் நாலிவுட் ஹாலிவுட்டை முந்திவிட்டது என்று உலகமே அதைப் பேசியது. அதே அறிக்கையில் இருந்த மொழிக் கணக்கை அவ்வளவாக யாரும் பேசவில்லை. அந்த நைஜீரியப் படங்களில் ஆங்கிலம் 44 சதவீதம், யொரூபா 31, வடக்கே பேசும் ஹௌசா 24. இக்போ 1 சதவீதம்.

இந்த எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஓர் இக்போ படம் தொடங்கிவைத்த தொழில். இக்போ வியாபாரிகள் பணம் போட்ட தொழில். இக்போ நடிகர்கள், இக்போ கிராமங்கள், இக்போ அரசவைகள். பேச்சு மட்டும் ஆங்கிலம். யொரூபாக்காரர்களுக்கு நாடகக் குழுக்களின் பார்வையாளர்கள் இருந்தார்கள், தங்கள் மொழியை விட வேண்டிய அவசியம் வரவில்லை. துண்டே கெலானி போன்ற இயக்குநர் 1999இல் 'சவோரோஇடே' என்ற படத்தில், உறுதிமொழிச் சடங்கைத் தட்டிக்கழித்துவிட்டு மரக் கம்பெனிகளிடம் பணம் பார்க்கும் அரசனையும், அரியணையைப் பறிக்கும் சிப்பாயையும் காட்டி ராணுவ ஆட்சியைப் பற்றி யொரூபாவிலேயே பேசினார். அப்படியொரு ஆழம் இக்போ மொழியில் வளர்வதற்கு முன்னாலேயே சந்தை அதை ஆங்கிலத்துக்குத் தள்ளிவிட்டது.

தள்ளியதால்தான் கண்டம் முழுவதும் போனது என்பதும் உண்மை. கானா, கென்யா, ஜாம்பியா என்று ஆங்கிலம் புழங்கும் நாடுகளில் நாலிவுட் வீட்டுப் படமாகிவிட்டது. ஆங்கிலம் தெரியாத இடங்களில் மக்களே வழி கண்டார்கள். காங்கோவின் கின்ஷாசா நகரில் படத்தின் மேல் உள்ளூர் மொழியான லிங்காலாவில் பேசி விளக்கினார்கள். உகாண்டாவில் 'வீஜே' என்று அழைக்கப்படும் கதைசொல்லி, மைக்கைப் பிடித்துப் படம் ஓட ஓடத் தன் மொழியில் வசனமும் விமர்சனமும் சொல்வார். நைஜீரியப் பேச்சின் 'ஓகா', 'சாய்' போன்ற சொற்கள் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளின் வாயில் ஏறின. பெண்கள் தலையில் கட்டும் விறைப்பான 'கெலே' துணி மற்ற நாட்டுத் திருமணங்களுக்கும் போனது. ஆப்பிரிக்கர்கள் இன்னொரு ஆப்பிரிக்க நாட்டின் வீட்டுக்குள் எட்டிப்பார்த்து, அடடா, இவர்களும் நம்மைப் போலத்தான் என்று உணர்ந்ததை எந்தத் தூதரகமும் சாதித்ததில்லை. அமெரிக்கப் படங்களில் ஆப்பிரிக்கா என்றால் பஞ்சமும் சிங்கமும். நாலிவுட்டில் வரவேற்பறை சோபா, மாமியார், கார், செல்போன்.

இணைய மீம்களில் குறும்புச் சிரிப்போடு நிற்கும் இரண்டு கறுப்பினச் 'சிறுவர்களை' நீங்களும் பார்த்திருப்பீர்கள். சினெடு இகெடியெசே, ஒசிட்டா இஹெமே என்ற வளர்ந்த நடிகர்கள் அவர்கள். 2000களின் தொடக்கத்தில் 'ஆக்கி நா உக்வா' படத்தில் அடங்காத பிள்ளைகளாக நடித்தவர்கள், இருபது வருடம் கழித்து மொழியே தெரியாத நம் ஊர்க் கைபேசிவரை வந்துவிட்டார்கள்.

கேடு விளைந்த இடம்

பாராட்டி மட்டும் எழுதினால் நேர்மையாக இருக்காது. நாலிவுட் தொடங்கிய அதே காலத்தில் பெந்தகோஸ்தே சபைகள் நைஜீரியத் தெற்கில் வேகமாக வளர்ந்தன. சபைகளும் படம் எடுத்தன, நாடக ஊழியம் செய்தன. பேய் வரும், பாதிரியார் ஜெபிப்பார், பேய் ஓடும், கடைசியில் 'எல்லா மகிமையும் கடவுளுக்கே' என்ற எழுத்து திரையில் விழும். அந்த வரி சாதாரணக் காதல் படத்தின் முடிவிலும் வரும்.

பேய் கெட்ட வியாபாரியைப் பிடித்தவரை யாருக்கும் தீங்கில்லை. குழந்தைகளைக் காட்டத் தொடங்கியபோதுதான் விபரீதம். 1999இல் வந்த 'எண்ட் ஆஃப் த விக்கெட்' என்ற படம் ஒரு சபை தயாரித்தது. சூனியக் கூட்டத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் இரவில் குடும்பத்துக்குக் கேடு செய்வதாக அதில் காட்சிகள் இருந்தன. தென்கிழக்கில் அக்வா இபோம் மாநிலத்தில் சூனியக்காரக் குழந்தைகள் என்று குற்றம்சாட்டிப் பிள்ளைகளை அடித்து வீட்டை விட்டு விரட்டிய கொடுமைகள் 2000களில் வெளிச்சத்துக்கு வந்தபோது, இந்த மாதிரிப் படங்களுக்கு அதில் பங்கு உண்டு என்று குழந்தை உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. தயாரித்தவர்கள் மறுத்தார்கள், இது கற்பனைக் கதை, மத சுதந்திரம் என்றார்கள். 2008இல் அந்த மாநிலம் குழந்தையைச் சூனியக்காரர் என்று முத்திரை குத்துவதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வறுமையும் நோயும் சாவும் சூழ்ந்த வீட்டில், யார் காரணம் என்று தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் முன்னால் ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டுவது கற்பனைச் சுதந்திரத்தில் சேராது. வரவேற்பறைக்குள் நுழையும் வலிமை நாலிவுட்டுக்கு இருந்ததால்தான் இந்தத் தீங்கும் வரவேற்பறைக்குள் போனது. தணிக்கை வாரியம் 1993லேயே சட்டப்படி உருவாகிவிட்டது. வருடத்துக்கு எண்ணூறு படம் வந்து குவியும் சந்தையில் அதனால் என்ன பெரிதாகச் செய்திருக்க முடியும்?

வடக்கே, கானோவில்

வடக்கு நைஜீரியாவில் கதையே வேறு. கானோ நகரத்து ஹௌசா முஸ்லிம்கள் 1950களிலிருந்து இந்திப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். லெபனான் நாட்டு வியாபாரிகள் அங்கே கொண்டுவந்த படங்கள் அவை. மொழி புரியாது, ஆனால் பெரியவர்களுக்கு அஞ்சும் காதலர்கள், தாயின் கண்ணீர், குடும்ப மானம் எல்லாம் புரிந்தது. அமெரிக்கப் படத்தைவிட இது நம் வீட்டுக்கு நெருக்கம் என்று நினைத்தார்கள். இந்திப் பாட்டின் மெட்டில் நபியைப் புகழும் பாடல்கள்கூட அங்கே உண்டு. 1990இல் 'துர்மின் தன்யா' படத்தோடு ஹௌசா வீடியோ படங்கள் தொடங்கியபோது பாட்டும் ஆட்டமும் அவற்றில் இயல்பாக வந்து சேர்ந்தன. இந்தக் கானோ சினிமாவுக்குக் 'கானிவுட்' என்ற பெயரை ஒரு ஹௌசாப் பத்திரிகை 1999லேயே போட்டுவிட்டது. 'நாலிவுட்' என்ற சொல் 2002இல் ஓர் அமெரிக்க நாளிதழ்க் கட்டுரை மூலம்தான் பரவியது.

கானோவில் 2000ஆம் ஆண்டு ஷரியா சட்டம் வந்ததும் படத்தயாரிப்பு சில மாதம் நிறுத்தப்பட்டு, மாநிலத் தணிக்கை வாரியம் அமைந்த பிறகு திரும்பத் தொடங்கியது. 2007இல் ஒரு நடிகையின் அந்தரங்க வீடியோ கைபேசிகளில் பரவியபோது ஒட்டுமொத்தத் தொழிலையே மாதக்கணக்கில் முடக்கினார்கள். பல கலைஞர்கள் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தெற்கே மார்க்கெட்டர் தீர்மானித்ததை வடக்கே உலமா எனப்படும் இஸ்லாமிய மத அறிஞர்களும் அரசும் சேர்ந்து தீர்மானித்தார்கள்.

கடை மூடிய பிறகு

விசிடி வந்தது, பிறகு ஒரே தட்டில் பத்து இருபது படம் அடைத்த டிவிடி வந்தது. அந்த இரண்டு வார அவகாசமும் போயிற்று. மார்க்கெட்டர்களின் பிடி மெல்லத் தளர்ந்தது. செயற்கைக்கோள் சேனல்கள் படங்களைச் சொற்ப விலைக்கு வாங்கி நாள்முழுக்க ஓட்டின. 2014இல் நைஜீரியா தன் பொருளாதாரக் கணக்கைத் திருத்தியது. அதுவரை 1990ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்திருந்தார்கள். அந்த வருடத்தில் நாலிவுட்டே கிடையாது, ஆகவே கணக்கிலும் கிடையாது. திருத்திய கணக்கில் சினிமாவும் இசையும் சேர்ந்து நாட்டு உற்பத்தியில் 1.4 சதவீதம் என்று வந்தது. லட்சக்கணக்கானோர் பிழைக்கும் தொழில் இருபது வருடம் அரசின் கண்ணிலேயே படவில்லை.

புதிய மல்டிபிளக்ஸ்கள் 2004 முதல் வந்தன. நாடகக் குழுக்களிலிருந்து சினிமாவுக்கு வந்த அடே லவ்வின் மகன் குன்லே அஃபோலயன் 2009இல் 'த ஃபிகரின்' எடுத்து, நிதானமாகச் செலவு செய்து தியேட்டரில் காட்டும் படங்களுக்கு வழிவிட்டார். 2016இல் 'த வெட்டிங் பார்ட்டி' 45 கோடி நைராவைத் தாண்டியது. 2023 டிசம்பரில் வெளியான ஃபுன்கே அகின்டேலேயின் 'எ ட்ரைப் கால்ட் ஜூடா' 100 கோடி நைராவைத் தாண்டிய முதல் நைஜீரியப் படமானது. ஒரு தாய், வெவ்வேறு இனத்துத் தந்தைகளுக்குப் பிறந்த ஐந்து மகன்கள் என்ற கதை. ஆனால் அதே 2023இல் நைரா மீண்டும் படுபாதாளத்துக்குப் போனது. 140 கோடி நைரா வசூல் என்றாலும் டாலரில் அது பத்துப் பதினைந்து லட்சம்தான். 20 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் திரையரங்க வளாகங்கள் நூறை ஒட்டித்தான் இருக்கின்றன. டிக்கெட் வாங்குகிறவர்கள் பழைய கேசட் வாங்கிய மக்கள் அல்ல.

மொழிப் பிரச்சினை ஆஸ்கர் வாசலில் வந்து நின்றது. ஜெனிவீவ் நாஜி இயக்கி நடித்த 'லயன்ஹார்ட்', எனுகு நகரத்து இக்போப் பேருந்து நிறுவனக் குடும்பத்தின் கதை. கேசட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடிய பேருந்துகளின் உலகம் அது. நைஜீரியா முதன்முதலாகச் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்பிய படம். 2019 நவம்பரில் அதைத் தகுதிநீக்கம் செய்தார்கள். 95 நிமிடப் படத்தில் இக்போ சுமார் 11 நிமிடம்தான், மீதி ஆங்கிலம் என்றார்கள். எங்களை யார் ஆள வேண்டும் என்று நாங்களா தேர்ந்தெடுத்தோம் என்ற பொருளில் நாஜி பதில் சொன்னார். அவர் கேட்டது நூறு சதவீதம் நியாயம். ஆனால் அந்த 11 நிமிடத்தின் வரலாற்றில் பிரிட்டனுக்கு இருக்கும் பங்கோடு இடுமோட்டாவின் 1994ஆம் வருடக் கணக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வெளிநாட்டு ஓடிடி நிறுவனங்கள் கொடுத்த உற்சாகமும் நிலைக்கவில்லை. 2024 ஜனவரியில் அமேசான் பிரைம் ஆப்பிரிக்காவில் புதிய படங்களுக்குப் பணம் போடுவதை நிறுத்திக்கொண்டது. இப்போது நடிகர்களும் இயக்குநர்களும் யூடியூபில் சொந்த சேனல் தொடங்கியிருக்கிறார்கள். விளம்பரப் பணம் டாலரில் வருகிறது, லண்டனிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நைஜீரியர்கள் பார்த்தால் இன்னும் கூடுதலாக வருகிறது. 2025 மார்ச்சில் ஒமோனி ஒபோலி தன் சேனலில் ஏற்றிய 'லவ் இன் எவ்ரி வேர்ட்' 2 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

அந்த சேனல்களைத் திறந்து பாருங்கள். முகப்புப் படத்தில் இரண்டு நடிகர்களின் முகம் பெரிதாக, தலைப்பு அதற்குக் கீழே. இடுமோட்டாக் கேசட் உறையின் அதே அமைப்பு. சில நாளில் படம், குறைந்த செலவு, வாடகை வீடு, வாரம் ஒரு வெளியீடு. படம் ஏறிய அன்றே வேறு ஏதோ சேனலில் அதே படம் பெயர் மாற்றி ஏறிவிடுகிறது. தயாரித்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புகார் கொடுத்து நீக்கிக்கொண்டிருக்கிறார்கள்.